கம்பம் லைனில் முப்பத்தொரு கடை

ஜூன் 3

இன்று முதல் இரண்டு நோட்டு எழுதப் போகிறேன். ஒன்று தமயந்தி மேடத்துக்குக் கொடுக்க. இன்னொன்று இது, என் பீரோவில் வைத்துப் பூட்ட. போன வருஷம் விற்காமல் எங்கள் குடோனில் கிடந்த டைரிதான். கிழமை பொருந்தாது, தேதி பொருந்தும். அது போதும்.

காலையில் முதலாளி ராஜமோகன் விற்பனையில் இருக்கிற ஐந்து பேரையும் மாடிக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், மடியில் கம்ப்யூட்டர். தமயந்தி என்று பெயர், மதுரைக்காரி. கம்பெனிகளுக்கு மார்க்கெட் திட்டம் போட்டுக் கொடுப்பது தொழிலாம். சிவகாசிக்காரன் காலண்டர் விற்பதற்கு மதுரையிலிருந்து ஆள் வந்து வழி சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

நிலைமை மோசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. பேப்பர் விலை பொங்கலுக்குப் பிறகு மூன்று தடவை ஏறிவிட்டது. தங்கம் விற்கிற விலைக்கு நகைக்கடைகளில் ஈ ஓட்டுகிறார்கள். வருஷம் பத்தாயிரம் காலண்டர் வாங்கியவர்கள் இப்போது என் போனை எடுப்பதில்லை. தேதி பார்க்க எல்லார் கையிலும் செல்போன். ஆடிப் பதினெட்டன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டு ஏஜென்ட்டுகள் கையில் கொடுத்தாக வேண்டும். அதற்குள் எவ்வளவு பேப்பர் வாங்கிப் போடுவது, எந்த லைனுக்கு ஆள் வைத்துக்கொள்வது, எந்த லைனை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். இந்தத் தடவை தப்பினால் அடுத்த ஆடிக்கு அச்சகத்தில் மிஷின் ஓடாது என்று முதலாளி வாய்விட்டே சொன்னார்.

அந்தப் பெண் எங்களைத் தினமும் குறிப்பு எழுதச் சொல்கிறாள். யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம், என்ன ஆர்டர். எதற்கு என்று கேட்டேன். உங்கள் தலைக்குள் இருக்கிற மார்க்கெட்டைக் கொஞ்சம் காகிதத்துக்குக் கொண்டுவரலாம் சார் என்று சிரித்தாள்.

எல்லாம் காகிதத்துக்கு வந்துவிட்டால் அப்புறம் தலை எதற்கு? இருபத்திரண்டு வருஷமாக சேல்ஸ் மேனேஜராக இருக்கும் சோலையப்பன் எதற்கு? எனக்கா புரியாது! அதனால்தான் இரண்டு நோட்டு.

ஜூன் 5

மேடம் நோட்டில் எழுதியது: “பார்ட்டிகளிடம் பேசினேன்.” பேசத்தான் செய்தேன்.

ஜூன் 9

இன்று பார்ட்டி லிஸ்ட் கேட்டாள். அதுவும் எப்படி, லைன் வாரியாக, கடைப் பெயர், முதலாளி பெயர், போன் நம்பர், மூன்று வருஷத்து ஆர்டர்.

இந்த ஊர் வழக்கம் அவளுக்குத் தெரியாது. ஆல்பத்தில் இருக்கிற படத்தைக்கூடக் காட்டிவிடுவோம், பார்ட்டி பெயரைச் சொல்ல மாட்டோம். டீக்கடையில் பேசும்போதுகூட “நம்ம வெள்ளைச் சட்டை இந்த வருஷம் ஐநூறு கேட்கிறார்” என்றுதான் பேச்சு. வெள்ளைச் சட்டை யார் என்று பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாது. தெரிந்தால் மறுநாள் காலையில் அவன் வெள்ளைச் சட்டை கடை வாசலில் நிற்பான். நானே அப்படி நின்றிருக்கிறேன்.

நகைக்கடை, ஜவுளிக்கடை லிஸ்ட்டையெல்லாம் கொடுத்துவிடலாம், ஊருக்கே தெரிந்தவைதான். கம்பம் லைன்தான் யோசனை. தேனியில் ஆரம்பித்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரைக்கும் எங்கள் ஏஜென்ட் சிக்கந்தர் பாய் சுற்றுகிற லைன். உரக்கடை, தையல்கடை, மெஸ், வெல்டிங் பட்டறை என்று எல்லாம் இருநூறு முந்நூறு வாங்குகிற கடைகள். பாய் ஒரு மொபெட்டில் ஆல்பத்தைக் கட்டிக்கொண்டு இருபத்தொரு வருஷமாக அலைந்து பிடித்தது.

மூன்று வருஷம் முன்னால் நான் அந்த ஆர்டர்களைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்தபோது அவர் என்ன சொன்னார்? இருநூறு காலண்டருக்குப் பெயர் போட ஒரு மிஷினை நிறுத்தி வைக்கச் சொல்கிறாயா, இந்தச் சில்லறையெல்லாம் இனிமேல் கொண்டுவராதே என்று தூக்கிப் போட்டார். அவர் வாயால் சொன்னது. பிறகு அந்த ஆர்டர்கள் எங்கேயோ போயின. வியாபாரம் என்றால் வரும், போகும்.

சாயங்காலம் மச்சினன் தர்மராஜுடைய பூரணி ஆஃப்செட் வழியாக வந்தேன். அக்கா பூரணத்தின் பெயரைத்தான் பூரணி என்று அச்சகத்துக்கு வைத்திருக்கிறான், பாசக்காரன். அங்கே மிஷின் நன்றாக ஓடுகிறது. வீட்டுக்கு முறுக்கு வாங்கி வந்தேன்.

ஜூன் 14

லிஸ்ட் கொடுத்தாயிற்று. கம்பம் லைன்: முப்பத்தொரு கடை.

எழுதும்போது கை நின்று நின்று எழுதியது. பேனா சரியில்லை, புதிது வாங்க வேண்டும்.

ஜூன் 20

இன்றைய மீட்டிங்கை நினைத்தால் இன்னும் படபடக்கிறது.

தமயந்தி திரையில் படம் போட்டுக் காட்டினாள். பெரிய பார்ட்டிகள் எல்லாம் காற்று அடிக்கிற பக்கம் சாய்கிறவர்களாம். விற்பனை குறைந்தால் முதலில் வெட்டுவது காலண்டரைத்தான், அதற்கு முன்னால் விலையிலும் நம்மைப் பிழிந்துவிடுவார்கள். இதுவரைக்கும் எனக்கும் தெரியும். அடுத்து ஒன்று சொன்னாள், அதுதான் இடி.

“உரக்கடைக்காரர் பேரம் பேச மாட்டாரு சார். தன் பேரு போட்ட காலண்டர் நூறு வீட்டுச் சுவத்துல தொங்கணும், அவ்வளவுதான் அவருக்கு. கஷ்ட காலத்துலதான் அவருக்கு அது இன்னும் அவசியம். இந்த மாதிரி கடை எந்த லைன்ல அதிகமா இருக்கோ, நாம அங்கதான் வளரணும்.”

ஒரே படத்தை மொத்தமாக அடித்து வைத்துக்கொண்டு, கடைப் பெயரை மட்டும் கடைசியில் சின்ன மிஷினில் போட்டுக் கொடுத்தால் செலவும் குறைவு என்றாள். பூரணியில் நாங்கள் மூன்று வருஷமாகச் செய்வது அதுதானே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, காபி கொண்டுவந்தார்கள்.

முதலாளி எங்கள் பக்கம் திரும்பி, அப்படிப்பட்ட லைன் நம்மிடம் எது என்று கேட்டார். மூன்று வருஷம் முன்னால் மேஜையில் இருந்து தூக்கிப் போட்டவர் அவர்தான், அவருக்கு அது ஞாபகமே இல்லை. நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

இவள் எங்கேயோ எதையோ கேள்விப்பட்டுவிட்டுத்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறாளா? யார் சொல்லியிருப்பார்கள்?

ஜூன் 27

திட்டத்தின் முதல் வரைவு வந்தது. ஐம்பது கடைக்குக் கீழே இருக்கிற லைனுக்குத் தனி ஏஜென்ட் வேண்டாம், பக்கத்து ஊர் டீலரோடு சேர்த்துவிடலாம் என்று போட்டிருக்கிறாள். அப்படி மூன்று லைன். மூன்றாவதாகக் கம்பம், முப்பத்தொன்று.

இதை நான் யோசிக்கவில்லை. லைன் சின்னதாகத் தெரிந்தால் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். சின்னதாக இருக்கிறது என்றே வெட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மத்தியானம் பாய் வந்தார். நாற்பத்தொன்பது வயது, பார்த்தால் அறுபது சொல்லலாம், அவ்வளவு வெயில். விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கிறது. வேறு வேலை தெரியாதுண்ணே என்றார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி கேட்பார் என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கவலைப்படாமல் போங்கள் என்று அனுப்பினேன். உண்மையாகத்தான் சொன்னேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 2

பூரணம் சோறு போடும்போது, ஆடி பிறந்ததும் எந்தம்பிக்கு வேலை வந்துருமில்ல என்று கேட்டாள். வரும் என்றேன். போன வருஷம் மாதிரியே வருமா என்றாள். என்ன எல்லாரும் என்னையே நோண்டுகிறீர்கள் என்று கத்திவிட்டேன். ரசம் ஊற்றாமலே எழுந்து போய்விட்டாள்.

அவளுக்கு என்ன தெரியும்? தம்பி கடனில் முழுகப் போன நேரத்தில் அக்கா அழுதாள், நான் வழி செய்தேன். முதலாளி வேண்டாம் என்ற பொருளை வேண்டும் என்கிறவனுக்குக் கொடுத்தேன். அவனும் சும்மா இருக்கிறவன் இல்லை, தீபாவளிக்குத் தீபாவளி மாமனுக்கு மரியாதை செய்வான். வீட்டுக்கு மாடி எடுத்தது முழுக்க அதில் இல்லை, என் சொந்தச் சம்பாத்தியமும் இருக்கிறது.

ஜூலை 6

இன்று கண்ணால் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற டீக்கடையில் தமயந்தியும் சிக்கந்தர் பாயும். அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். அவள் எழுதுகிறாள்.

நான் எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையில் நின்று, வேண்டாத தலைவலித் தைலம் ஒன்று வாங்கிக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தேன். இரண்டு டீ குடித்தார்கள்.

அப்புறம் அவரைப் பிடித்து என்ன பாய் விசேஷம் என்று கேட்டேன். சும்மா கடைகளைப் பற்றிக் கேட்டார்கள்ண்ணே என்றார். சும்மாவா? சும்மா கேட்பதற்கா மதுரையிலிருந்து வந்திருக்கிறாள்?

ஜூலை 7

பாய் இத்தனை வருஷம் என்னிடம் ஒன்றையும் மறைத்ததில்லை. மறைத்திருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 9

தமயந்தி ஆறு நாள் லீவு. தேனி பஸ் எத்தனை மணிக்கு என்று வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தேனியில் அவளுக்கு என்ன? தேனியில் ஒரு பெரிய டீலர் இருக்கிறான், மூன்று அச்சகத்துக்கு வாங்கிக் கொடுப்பவன். எங்கள் லிஸ்ட்டை அவனிடம் விற்கப் போகிறாளோ? பாய்தான் கூட்டிப் போகிறாரோ? இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள்.

பாயிடம் என் குடுமி இருக்கிறது. ஆர்டர் எங்கே போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர். முதலாளிதான் பூரணி ஆஃப்செட்டில் கொடுக்கச் சொன்னார் என்று அன்றைக்கு அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். இனிமேல் அவர் வாயைத் திறந்தால் நான் காலி.

ஜூலை 11

முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைதான். பாய் வேறு அச்சகங்களுக்கும் ஆர்டர் பிடிக்கிறார் போல, எதற்கும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று.

பொய் இல்லை. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஜூலை 12

மழை வரும் போல இருந்தது, வரவில்லை. தலைவலி. அந்தத் தைலம்தான் உதவியது.

ஜூலை 15

தமயந்தி திரும்பி வந்து நேராக என் மேஜைக்கு வந்தாள். போனை நீட்டினாள். ஒரு தையல்கடைச் சுவர். சுவரில் காலண்டர், முருகன் படம், கீழே கடைப் பெயர். அதைப் பெரிதாக்கிக் கடைசி வரிக்குக் கொண்டுபோனாள். அச்சடித்தவர் பெயர் எறும்பு மாதிரி இருக்குமே, அந்த இடம். பூரணி ஆஃப்செட், சிவகாசி.

அடுத்த படம் ஒரு உரக்கடை. அடுத்தது மெஸ். அடுத்தது ஒரு வீட்டு அடுப்படி. தள்ளிக்கொண்டே போகிறாள், வந்துகொண்டே இருக்கிறது. ஆறு நாளும் சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் கடை கடையாக ஏறி, சுவரைப் பார்த்து, கடைசி வரியைப் படித்திருக்கிறாள். டீலரையும் பார்க்கவில்லை, மண்ணாங்கட்டியையும் பார்க்கவில்லை. பாயையும் கூட்டிப் போகவில்லை, தனியாகத்தான் போயிருக்கிறாள். மொத்தம் தொண்ணூற்றாறு கடைப் பெயர், அதில் என் லிஸ்ட்டில் இருப்பது முப்பத்தொன்றுதான்.

இத்தனை வருஷம் மார்க்கெட்டில் இருக்கிறேன், சுவரைப் போய்ப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

இந்த அச்சகம் யாருடையது என்று தெரியுமா சார் என்று கேட்டாள். ஊரில் அச்சகத்துக்கா பஞ்சம் மேடம் என்றேன். போனை அணைத்து மேஜையில் வைத்தாள். பிறகு மெதுவாக, “உங்க லிஸ்ட்ல எதாவது விட்டுப்போயிருக்கான்னு இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க சார், நான் ரெண்டு நாள் பொறுத்துத்தான் முதலாளிகிட்டப் போவேன்” என்றாள்.

பொறி வைக்கிறாள். இருக்கிறது என்று சொன்னால் மாட்டிக்கொள்வேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 18

முதலாளி கூப்பிட்டார். முகம் தெளிவாக இருந்தது. உட்காரச் சொன்னார்.

நேற்றுப் பாயை வரவழைத்து, அந்தப் படங்களைக் காட்டிக் கேட்டிருக்கிறார். ஆர்டரெல்லாம் நான் பிடித்ததுதான் என்று பாய் ஒத்துக்கொண்டாராம். யார் சொல்லி அங்கே கொடுத்தாய் என்று கேட்டதற்கு, நானேதான் கொடுத்தேன் என்றாராம்.

“நீ அன்னிக்கே சொன்ன சோலை. நான்தான் சிக்கந்தரா அப்படின்னு நம்பாம இருந்தேன். இந்த ஆடிக்கு அவனுக்கு ஆல்பம் கிடையாது. எந்த அச்சகத்துலயும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லி வைக்கிறேன்.”

மத்தியானம் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜூலை 19

பாய் மூன்று தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

ஜூலை 20

நான் தப்பித்துவிட்டேன். அப்படியென்றால் சந்தோஷமாக இருக்க வேண்டும். பூரணம் பணியாரம் சுட்டாள். இரண்டு தின்றேன்.

பாய் எதற்கு அப்படிச் சொன்னார்? சும்மா ஒருத்தன் இப்படிச் சொல்வானா? பின்னால் என்னிடம் ஏதாவது கேட்கப் போகிறாரா? பிடியை வைத்துக்கொண்டு ஆட்டிப் படைக்கலாம் என்று நினைக்கிறாரா? எந்தப் பக்கம் யோசித்தாலும் அவருக்கு இதில் லாபம் இருக்கிற மாதிரி தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 22

பாய் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு பச்சை நாடன் பழம். எப்போது வந்தாலும் கொண்டுவருவதுதான். பூரணம் காபி போட உள்ளே போனாள்.

நான் எடுத்த எடுப்பில், ஏன் பாய் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். என்ன விலை கேட்கப் போகிறார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முதலாளி சொல்லித்தான் அந்த அச்சகத்துக்குப் போகுதுன்னு நீங்க சொன்னீக. நான் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். முதலாளியே படத்தக் காட்டி இதென்னன்னு கேக்கயிலதான், அவருக்கே தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சது. ஒங்க பேரச் சொன்னா ஒங்க வேல போயிரும்ண்ணே. இந்த வயசுல நீங்க எங்க போவீக? எனக்கு வண்டி இருக்கு. ஏலக்காயோ மொளகோ எதையாச்சும் வாங்கி வித்துக்குவேன்.”

அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பூரணம் காபி கொண்டுவந்து வைத்தாள், குடித்தார். எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டார்.

“படம் பாக்குறதுக்கு முன்னாடியே யாரோ என்னயப் பத்தி முதலாளிகிட்டப் போட்டுக் குடுத்துருக்காகண்ணே. பேச்சுலயே தெரிஞ்சது. யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது பாய் என்றேன்.

எழுதவே கூசுகிறது. தெரியாது பாய் என்றேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

ஜூலை 24

மேடம் நோட்டில் இன்று ஒன்றும் எழுதவில்லை. இதிலும் எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 27

லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்து எழுதினேன். கம்பம் லைன், முழு லிஸ்ட். வெள்ளைச் சட்டை, பாகற்காய், ரெண்டு பொண்டாட்டி, ஓடைக்கரை என்று எங்கள் பாஷையில் இருந்ததையெல்லாம் சொந்தப் பெயருக்கு மாற்றி, கடை, ஊர், எத்தனை காலண்டர், எந்த வருஷத்திலிருந்து, எங்கே அச்சானது எல்லாம். நூற்று நாற்பத்து மூன்று கடை. எழுதி முடித்து எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, எங்கள் அச்சகத்திலேயே பெரிய லைன் அதுதான். ஒரு மொபெட்டில் ஒரு ஆள் இதைக் கட்டியிருக்கிறார்.

பூரணம் எட்டிப் பார்த்துவிட்டாள். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. எந்தம்பி பொழப்புல மண்ணப் போடாதீங்க என்று அழுதாள். அவனுக்கு இரண்டு பிள்ளைகள் என்றாள். பாய்க்கு மூன்று என்றேன். அவர் யாரு, எந்தம்பி யாரு என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

இன்னும் கொடுத்துவிடவில்லை. பையில்தான் இருக்கிறது. வேண்டாம் என்றால் கிழித்துப் போடலாம்.

ஜூலை 29

கொடுத்துவிட்டேன்.

முதலில் தமயந்தியிடம். ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். தான் பார்த்த சுவர்களோடு ஒப்பிட்டாள். தான் பார்க்காத நாற்பத்தேழு கடைகளையும் நான் சேர்த்திருப்பதைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் நீங்கள் சொல்லாமலே விட்டிருக்கலாமே சார் என்றாள். எங்கே அச்சடித்தது என்று கேட்டாள். மச்சினன் அச்சகம் என்றேன். அடுத்து அவள் சொன்னது என் நெஞ்சிலேயே நிற்கிறது.

“சின்ன மிஷின் வேலைக்கு வெளிய ஒரு அச்சகம் வேணும்னு நானே தேடிட்டு இருந்தேன். நேரா வந்து கேட்டிருந்தா உங்க மச்சினருக்கே முறையா குடுத்திருக்கலாமே சார்.”

பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பித் திட்டத்தின் முதல் பக்கத்தைக் காட்டினாள். ஜூன் மாதமே எழுதியது, எங்களுக்கு வந்த வரைவில் இல்லாத பக்கம். இந்த வருஷம் வளர்ச்சி சிறு கடைகளில், அதற்குத் தனிப் பிரிவு, பொறுப்பு: சோலையப்பன். சின்னக் கடைக்காரர்களின் நாடி தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், அதனால்தான் லிஸ்ட்டை உங்களிடமே திரும்பத் திரும்பக் கேட்டேன் என்றாள். இரண்டு மாதமாக இவள் என் தலையை எடுக்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

அப்புறம் முதலாளி அறை. எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருஷம் முன்னால் அவர் தூக்கிப் போட்டதையும் சொன்னேன். ஆமாம், போட்டேன், அது என் தப்பு என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். மச்சினன் சமாச்சாரத்துக்குக்கூட அவ்வளவு கோபப்படவில்லை. லிஸ்ட்டை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஆர்டரை வெளிய குடுத்த, சரி. ஒனக்கு ஒரு கஷ்டம், குடுத்த. சிக்கந்தரைப் பத்தி எங்கிட்ட வந்து சொன்னியே, அது எதுக்குப்பா?”

பாய் என்னை முந்திக்கொள்வாரோ என்று நான் முந்திக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? அவர் கனவில்கூட அப்படி நினைக்காதவர்.

நாளையிலிருந்து எனக்குக் குடோன் வேலை. சம்பளம் பாதி. வெளியே போ என்று சொல்லாததே பெரிது. பூரணி ஆஃப்செட்டுக்கு வேலை உண்டா இல்லையா என்று தமயந்தி பார்த்துச் சொல்வாளாம். கம்பம் லைன் பாய்க்கே. சிறு கடைப் பிரிவும் அவருக்கே.

ஜூலை 31

குடோனில் பேப்பர் கட்டு இறங்குகிறது. தமயந்தி போட்ட திட்டத்தின்படி போன வருஷத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வாங்கியிருக்கிறார்கள். ஊரெல்லாம் குறைக்கிற வருஷத்தில் இவர்கள் கூட்டுகிறார்கள். என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. கட்டு எண்ணிக்கை மட்டும் கேட்டார்கள்.

முதலாளி பாயை அழைத்துப் பேசியிருக்கிறார். தப்பாக நினைத்துவிட்டேன், சோலை சொன்னதை நம்பிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாராம். தமயந்திதான் வந்து சொன்னாள். நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது சார் என்றாள்.

ஆகப் பாய்க்குத் தெரிந்துவிட்டது, யார் போட்டுக் கொடுத்தது என்று.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. மாடி ஹாலில் பூஜை. மாவிலை, சந்தனம், ஆல்பங்களை அடுக்கி வைத்து மாலை. நான் குடோன் ஆட்களோடு கடைசி வரிசை பெஞ்சில் உட்கார்ந்தேன். போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு.

ஒவ்வொரு லைனாகப் பெயர் வாசித்தார்கள். கம்பம் லைன், சிக்கந்தர் என்றதும் பாய் போய் முதலாளி கையிலிருந்து ஆல்பத்தை வாங்கினார். வெற்றிலை பாக்கு, பழம். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பெரிய கடைகள் கைவிட்ட வருஷத்தில் நம்மைத் தூக்கி நிறுத்தப் போகிற லைன் இது என்று முதலாளி சொன்னார். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒவ்வொரு வருஷமும் ஆல்பம் வாங்கியதும் என் பக்கத்தில் வந்து உட்காருவார். இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் புரட்டி, இந்தப் படம் யாருக்குப் பிடிக்கும், அது யாருக்கு ஆகும் என்று பேசுவோம். இன்றும் என்னைப் பார்த்துத்தான் வந்தார். பழக்கத்தில் நான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன்.

அவர் உட்காரவில்லை. ஆல்பத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. பாய், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒங்க மேல எனக்குக் கோவமெல்லாம் இல்லண்ணே. இனிமே ஒங்ககிட்ட எதையும் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்.”

சத்தமே இல்லாமல்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த குடோன் ஆளுக்குக்கூடக் கேட்டிருக்காது. தட்டில் கொடுத்த வாழைப்பழத்தை எனக்கு வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார். நான் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். ஆல்பத்தை மொபெட்டில் வைத்து, வழக்கம்போல் இரண்டு சுற்றுக் கயிறு கட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

முதலில் எந்த ஊரில் இறங்குகிறார், எந்தக் கடையில் ஆல்பத்தைப் பிரிக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இருபத்தொரு வருஷத்தில் எனக்குத் தெரியாமல் அவர் கிளம்பியது இதுதான் முதல் தடவை. கேட்டால் யாராவது சொல்வார்கள். நான் குடோனுக்கு இறங்கிப் போய்க் கட்டு எண்ணினேன்.